நாலரை மணிக்கு எழ மனசு வருவதில்லை

நெடுந்தூர சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணா, தினமும் நாலரைக்கு எழ எப்படி மனசு வருது?" வருவதில்லை. எந்த நாளும் வந்ததில்லை. அலாரம் அடிக்கும்போது மனசைக் கேட்டால் அது படு என்றுதான் சொல்லும், அதனால் கேட்பதில்லை.

ஊக்க வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரவு பதினொன்றரை வரை அதைப் பார்ப்பவர் காலையில் எழ மாட்டார், அவ்வளவுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. ஆக நமக்குக் கிடைப்பது விடியலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம். அதைப் பிடிக்க ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். வீட்டில் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு மாற்றுவதுதான் இந்த விளையாட்டிலேயே கடினமான பயிற்சி என்பேன்.

சிப்காட்டில் நைட் ஷிப்டு பார்ப்பவரிடமும் பத்து மணிக்குக் கடை சாத்துபவரிடமும் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டமும், வேலைக்குப் போய் வருவதையே சைக்கிளில் வைத்துக்கொள்வதும் போதும்.

அப்புறம், இலக்கு. 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம்., அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், என்றால் பலர் மிரள்கிறார்கள். அதற்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதற்குள். கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை, பால்காரர் வேகம்தான். முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே கிடையாது. பிரான்சில் 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் சைக்கிள் ஓட்டம்கூட இன்று அப்படித்தான். சுமார் 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம், குறித்த நேரத்துக்குள் முடித்தால் சரி.

ஆனால் நம் ஆட்கள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் சராசரி வேகத்தைப் பார்த்தே சோர்ந்துபோகிறார்கள். ஏப்ரலில் மரக்காணத்திலிருந்து திரும்பும்போது தெற்குக் காற்று நெஞ்சில் அடித்தால் யாராக இருந்தாலும் வேகம் விழும். அதே காற்று போகும்போது தள்ளிவிட்டதை யாரும் பேசுவதில்லை! எத்தனை மணி நேரம் சீட்டில் இருந்தேன் என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.

துணை அவசியம். உங்களைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுபவராகப் பாருங்கள். வேகமான ஆள் நாம் வராவிட்டால் தனியாகப் போய்விடுவார். மெதுவான ஆள் பெண்ணையாற்றுப் பாலத்தில் நின்று போன் மேல் போன் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் உப்பளம் வரை போகிறோம், போய் வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். பின்விளக்கு இல்லாமல் வருபவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி.