எழுந்து நின்னது என் தப்புதான்

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்குல எடுத்த ரெண்டு போட்டோவைப் போட்டேன். அதுக்குக் கீழே வந்த கமெண்ட்டை எல்லாரும் பாத்தாச்சு. கண்டுக்காம விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா மூணு நாளா கீழே சிரிப்புப் பொம்மை ஏறிக்கிட்டே போகுது. நேத்து ராத்திரி 43. அதுல ஆறேழு பேர் என் வீட்டுல சாப்பிட்டவங்க.

முதல் போட்டோவுல வண்டியில, அதான் நடக்க முடியாதவங்க உக்காந்து ஓட்டுற பேட்டரி ஸ்கூட்டர்ல, உக்காந்திருக்கேனாம். ரெண்டாவதுல பார்க் வாசல்ல இருக்கிற அந்த பெரிய உலக உருண்டை முன்னாடி எழுந்து நிக்கிறேனாம். "இன்னாக்கா, அற்புத சுகமளிக்கும் கூட்டமா?"

நல்ல ஜோக்தான் தம்பி. நானே சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல.

எனக்கு நடக்க முடியும். நாள் பூரா நடக்க முடியாது. இது ரெண்டும் வேற வேற. இதுல புரியாததுக்கு இன்னா இருக்கு?

பதினோரு வருஷமா முடக்குவாதம். காலைல எழுந்ததும் விரல் மடங்கவே முக்கா மணி நேரம் ஆகும். பிரஷ்ஷை ரெண்டு கையாலதான் பிடிப்பேன். பத்து மணிக்கு மேல என்னைப் பாத்தா யாரும் சீக்காளின்னு சொல்ல மாட்டீங்க. தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறி மண்ணடியில இறங்கி ஆபீஸ் போறவதானே. (2021ல விம்கோ நகர் வரைக்கும் ரயிலை நீட்டினவங்களுக்கு ஒரு கும்பிடு. லிஃப்ட் இல்லன்னா என்னிக்கோ வேலையை விட்டிருப்பேன்.) ஆனா அந்தக் காலு, தண்ணி லாரியில பிடிச்ச ரெண்டு குடம் மாதிரி. குளிக்கவே ஊத்திட்டா சமையலுக்கு இருக்காது. பார்க்குல கேட்டுலயே ஒரு குடம் காலி.

அதுக்குத்தான் வண்டி. சிங்கப்பூர்ல மூணு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரப் பையன் ஓட்டலுக்கே கொண்டுவந்து, "ஆன்ட்டி, இதை அழுத்துனா போகும், விட்டா நிக்கும், பிரேக் தேடாதீங்க"ன்னான். வேகத்தைத் திருகுற இடத்துல ஒரு பக்கம் ஆமை படம், இன்னொரு பக்கம் முயல் படம். நான் மூணு நாளும் ஆமைதான். ரிவர்ஸ் எடுத்தா நம்ம குட்டியானை மாதிரி கீங்கீங்னு கத்தும். முதல் நாள் லிஃப்ட்ல திரும்பத் தெரியாம நான் அப்படியே பின்னாலயே வெளிய வந்தேன், ஒரு சீனப் பாட்டி ஓடி வந்து கதவைப் பிடிச்சாங்க. சிரிக்கல.

வண்டியை ஓரங்கட்டிட்டு நாலு எட்டு வெச்சாத்தான் மம்மி ரைடுல, அதான் இருட்டுல பாயுற ரோலர் கோஸ்டர்ல, ஏறி உக்கார முடியும். (என் டாக்டரம்மா இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.) அப்ப அங்கயும் எழுந்தேன்தான். போட்டோவுக்கும் எழுந்தேன். நடக்க முடியும்னுதானே சொல்றேன். நாள் பூரா முடியாது.

மத்த கமெண்ட்டுக்கும் பதில் சொல்லிடுறேன். "வரிசையில முந்திக்கத்தானே வண்டி?" ஒரு ரைடுல அங்க வேலை பாக்குற பொண்ணு பக்கத்து வழியா விட்டுச்சு. போனேன். வேணாம்னு சொல்ல நான் என்ன காந்தியா?

"நல்லா இருக்கிறவனும் இதுல சொகுசா போவான்." போறான். சிங்கப்பூர்லயே அந்தப் பிரச்சனை வந்து, 10 கிலோமீட்டர் வேகத்தை 6 ஆக்கி, டாக்டர் சான்று வேணும்னு 2025ல சட்டமே போட்டாங்க. அவங்க கேக்கட்டும், அங்க வண்டி போறதுக்கு நடைபாதை இருக்கு. இங்க? டி.எச். ரோட்டுல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ஆமை ஸ்பீடுல போய்ப் பாருங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல வீல்சேர் போக மரப்பாதை போட்டாங்க, ரெண்டு வாரத்துல மாண்டஸ் புயல் வந்து உடைச்சுது, மறுபடி சரி பண்ணாங்க. நல்ல விஷயம். எங்க பக்கம் கடல்ல பாறாங்கல்லுதான் கொட்டியிருக்கு.

"சர்டிஃபிகேட் இருக்கா?" இதான் ரொம்ப வலிச்சது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு. என் நோய் பேரு அதுல தனியா இல்ல. கை கால் எவ்வளவு மடங்குதுன்னு அளந்து 40 சதவீதம் வந்தாத்தான் சலுகை. நான் போன அன்னிக்கு மருந்து நல்லா கேட்டிருந்த நாள். நல்லாத்தானே மடக்குறீங்கன்னு அனுப்பிட்டாங்க. அங்கயும் நல்லா நின்னது என் தப்பு.

அப்புறம் அண்ணி போட்ட கமெண்ட். "வீட்டுல ஆள் இல்லாத மாதிரி தனியா எதுக்கு? சொன்னா நாங்க வந்து வீல்சேர் தள்ள மாட்டோமா?"

அண்ணி, நீங்க கேட்டதால சொல்றேன். தீவுத்திடல் பொருட்காட்சிக்கு எல்லாரும் போனோமே, ஞாபகம் இருக்கா? பஜ்ஜி கடை பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டு என்னை உக்கார வெச்சீங்க. "நீ இங்கயே இரு, பையைப் பாத்துக்க." ஆறு பை, பசங்க செருப்பு, ஒரு ஸ்வெட்டர். ராட்டினம் முடிஞ்சு, மரணக்கிணறு முடிஞ்சு, ரெண்டரை மணி நேரம் கழிச்சு வந்தீங்க. டெல்லி அப்பளம் வாங்கியாந்தீங்க, பாதி நமுத்துப் போயிருந்துச்சு. நான் கோச்சுக்கல. அடுத்த வருஷமும் அதே சேர். அதுக்கு அடுத்த வருஷம் நானே வரலன்னுட்டேன், நீங்க யாரும் ஏன்னு கேக்கல.

வீல்சேர்னா தள்ள ஆள் வேணும். தள்ளுறவங்களுக்குக் கால் வலிச்சா நான் திரும்பணும். அவங்களுக்குப் பசிச்சா நான் சாப்பிடணும். இந்த வண்டிக்கு ராத்திரி சார்ஜ் போட்டா போதும். மினியன் பொம்மை கடையில ஒரே கண்ணாடி ஷோகேஸ் முன்னாடி இருவது நிமிஷம் நின்னேன், உக்காந்துதான். ஒண்ணும் வாங்கல. போலாமான்னு யாரும் கேக்கல.

ரெண்டு வருஷம் சீட்டு கட்டி எடுத்த என் காசு. அதை யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்.

கமெண்ட்டை நான் டெலிட் பண்ணல, யாரையும் பிளாக்கும் பண்ணல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட், அதான் முடக்குவாத மருந்து, போடுற நாள். சாயங்காலத்துக்கு மேல குமட்டும். யாருக்காவது பதில் வரலன்னா அதான்.