பத்து வெள்ளியும் ஒரு 555 புத்தகமும்

மலேசியாவில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் இப்போது இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் நாங்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. ஆட்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, ஜொகூர், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். சில வருடங்களுக்கு முன்பு, தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுப் பிள்ளை ஒன்று எல்லார் எண்ணையும் தேடிப்பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கியது.

முதலில் காலை வணக்கப் படங்கள்தான். பழைய பள்ளிக்கூடப் படம் வந்தால் அன்று முழுக்கப் பேச்சு ஓடும். தேர்தல் வந்தால் சண்டை வரும், நாலு பேர் வெளியேறுவார்கள். அதுவரை அதை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆயா இறந்த இரவில்தான் எல்லாம் மாறியது. ஈப்போவில் அடுக்குமாடி வீடு. அக்கம்பக்கத்தில் பழக்கமில்லை. இரவு பதினொரு மணிக்கு மகள் குழுவில் ஒரே வரி போட்டாள்: "அம்மா போயிட்டாங்க, என்ன செய்யறதுன்னு தெரியல." ஒருவர் கூடாரத்துக்குச் சொன்னார். ஒருவர் பாடைக்கு மூங்கில் தேடினார். வேலையாட்களை மேய்த்த தண்டல் வீட்டு அண்ணன் லூமுட்டிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வந்தார். விடிவதற்குள் மாடிப்படி நெடுகச் செருப்புகள். எல்லாம் ஆயா தொட்டில் ஆட்டி வளர்த்த பிள்ளைகளுடையவை.

பதினாறாம் நாள் காரியத்தில் முடிவு செய்தோம்: பொதுவில் சேர்த்து வைக்க வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்).

நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் அவர் கேட்டதும் மாதம் பத்து வெள்ளிதான். அந்தக் காசைச் சேர்த்துத்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பேச்சில் மட்டும் ஒட்டுகிற மனிதர்கள் பேச்சிலேயே பிரிந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம். கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தவன், ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவன் அவ்வளவு சீக்கிரம் போகமாட்டான். இப்போதும் குழுவில் சண்டை வருகிறது. ஆனால் அடுத்த ஞாயிறு கோயில் திடலில் புல் வெட்ட இரண்டு பேரும் வந்தாக வேண்டும். முகத்தைப் பார்த்ததும் பாதி கோபம் போய்விடும்.

கணக்கு எழுதுவது மளிகைக்கடை அக்கா. அப்பா காலத்தில் கடனெழுதிய அதே மாதிரி 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகம். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். தோட்டத்தில் களையெடுப்பு போன்ற வெளிக்காட்டு வேலை செய்த ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே, காசு எழுதும் இடத்தில் "தேங்காய் 6" என்றிருந்தது. அக்கா அதையும் வரவில்தான் எழுதியிருக்கிறார்.