ஆறு மாதத்துக்கு முன் குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் பகல் பஸ்ஸில் போவதென்றால் நாலு மாதக் குழந்தைக்கும் இடையிடையே கொதித்தாறின தண்ணீர் பருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வறண்டுவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் அது சரியில்லை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு முதல் 6 மாதமும் தண்ணீர் வேண்டியதில்லை, வன்னி வெயிலிலும்கூட. தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வெக்கைக்குப் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும். கேட்கிற போதெல்லாம் கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும். வழிக்கடையில் நிரப்பிய போத்தல் என்றால் வயிற்றோட்டமும் வரலாம். (மருத்துவர் கொடுக்கச் சொன்ன மருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி எல்லாம் வேறு கதை.)

சந்தேகமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்தில் தாய்ப்பாலூட்டல் பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர்கூட வேண்டாம் என்றே இருக்கிறது. இல்லையென்றால் கிளினிக் நாளில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நேரே கேளுங்கள்.