நிக்கல் கரைகிறதா என்றும் சொல்லுங்கள்
மின்சாரம் செலுத்தி, நானோ நிக்கல் வினையூக்கியால் (வினையை விரைவுபடுத்தும் பொருள்) கழிவுநீரின் யூரியாவைச் சிதைத்து ஹைட்ரஜனும் எடுக்கலாம் என்ற கட்டுரை உற்சாகம் தருகிறது. தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட், யூரியாவைச் சிதைக்க 0.37 வோல்ட் போதும். சரி, ஆனால் நிக்கல் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் வினையே தொடங்குகிறது. அதற்குக் கூடுதல் வோல்ட் வேண்டும்; அதனால் அந்த மின்சார லாபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

அப்புறம், இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கலந்த சுத்தமான யூரியா கரைசலில் நடப்பவை. அசல் கழிவுநீரில் குளோரைடு, கால்சியம், கரிமப் பொருள்கள் எல்லாம் உண்டு. அவை வினையூக்கியின் மேற்பரப்பை மூடிவிடும், அரிக்கவும் செய்யும். கரைந்த நிக்கல் நச்சு. யூரியாவிலுள்ள நைட்ரஜனில் ஒரு கிலோவை நீக்க எத்தனை யூனிட் மின்சாரம், நீண்ட ஓட்டத்துக்குப் பின் நீரில் எவ்வளவு நிக்கல் என்ற இரண்டு எண்களையும் ஆய்வாளர்கள் அவசியம் வெளியிட வேண்டும்.