வடிகால் வாருவதற்கு யார் காசு கொடுப்பது?

காட்டுப் பாதையில் நடக்கக் கட்டணம் வாங்குவது சரிதான். வாங்கிய பணம் அந்தப் பாதைக்கே திரும்பிவர வேண்டும் என்பது என் கட்சி.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத் தீ மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. ஆன்லைன் முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டிகள், எல்லாம் நல்ல ஏற்பாடு. பராமரிப்புச் செலவைப் பற்றித்தான் பேச்சே காணோம்.

மலைப்பாதையைப் பெரும்பாலும் கெடுப்பது மழைத் தண்ணீர். நடந்து நடந்து பாதையின் நடு குழிந்துவிட்டால் அடுத்த மழைக்கு அதுவே ஓடை. மண் அரித்து வேரும் கல்லும் துருத்தும். நடப்பவர்கள் பக்கத்துப் புல்லில் கால் வைப்பார்கள். ஒற்றையடிப் பாதை மூன்றாகப் பிரியும். சோலைப் புல்வெளியில் இப்படிக் கிழிந்த இடம் எளிதில் மூடாது.

இதற்கு வைத்தியம் மலிவு. பாதையின் ஏற்றச் சாய்வு, அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சராசரியாக நூறடிக்குப் பத்தடி போதும். நடைதளத்தைப் பள்ளத்தின் பக்கம் ஐந்து சதவீதம் சாய்த்துவிட்டால் தண்ணீர் குறுக்கே கடந்து இறங்கிவிடும். அப்படிச் சாய்க்க முடியாத இடத்தில் கல் பதித்துக் கோணலாக ஒரு குறுக்கு வடிகால். கடப்பாரை, மண்வெட்டி, நாலு ஆள். ஆனால் அதன் வாயில் இலையும் மண்ணும் அடைக்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் வாராவிட்டால் தண்ணீர் கல்லைத் தாண்டி மறுபடி பாதையிலேயே ஓடும். சிமென்ட் படி போட்டால் தீர்ந்தது என்பார்கள். ஓரமண் அரித்துப் படி அந்தரத்தில் நிற்கும். அப்புறம் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள்.

தீ பரவாமல் இருக்கப் புல் நீக்கி வெறுமையாக விடும் தீத்தடுப்புக் கோடும் இதே ரகம். கோடைக்கு முன் புல்லைச் செதுக்கியாக வேண்டும், வருஷா வருஷம். சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காய்ந்த புல்சரிவுக்கு மேலே போகும் பாதையில் மாட்டிக்கொண்டவர் ஓடித் தப்புவது கடினம். தீக்காலத்தில் பாதைகளை மூடுவது அதனால்தான். மூடினால் வசூல் நிற்கும். தீக்காவலுக்கு ஆள் வேண்டியதோ அப்போதுதான். ஆக, சீசனில் வந்த பணத்தில் ஒரு பங்கை அந்த மாதங்களின் கூலிக்கென்று எடுத்துவைக்க வேண்டும். ஆர்ச்சுக்கும் செல்ஃபி பாயின்ட்டுக்கும் திறப்புவிழா வைக்கலாம். வடிகால் வாருவதற்கு ரிப்பன் வெட்ட முடியுமா?

வழி புதிதல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்த்த 38-எக்ஸ் பிரிவின்படி புலிகள் காப்பகங்களுக்கு அறக்கட்டளை உண்டு. முதுமலை, ஆனைமலை போன்ற இடங்களின் சுற்றுலா வருவாயை அங்கேயே செலவிடலாம். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டாட்சி நிலங்களில் வாங்கும் பொழுதுபோக்குக் கட்டணத்தில் பொதுவாக 80 சதவீதத்தை வசூலான இடத்திலேயே விடச் சொல்கிறது. காப்பகத்துக்கு வெளியே இருக்கும் நம் பாதைகளுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும்.

முதல் வேலையாக முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு பாதைக்கும் மூன்று விவரம் போடட்டும்: போன வருஷ வசூல், பராமரிப்புக் கூலி, கடைசியாக வடிகால் வாரிய தேதி.