2024 ஜூலை 19: நீலத்திரைக்குக் காரணம் விண்டோஸ் அப்டேட் அல்ல

2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் (விண்டோஸ் செயலிழந்தால் வரும் பிழைத்திரை) நின்றதற்கு விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்று சொல்கிறீர்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய 'சேனல் ஃபைல் 291' என்ற, தாக்குதல்களைக் கண்டறியும் விதிகள் கொண்ட ஃபைல்தான் காரணம். அதிலிருந்த ஒரு விதி, ஒப்பிட்டுப் பார்க்க 21ஆவது மதிப்பைக் கேட்டது. கம்ப்யூட்டரில் ஓடும் ஃபால்கன் நிரலான சென்சார் தந்ததோ 20 மதிப்புகள் மட்டுமே. இல்லாத 21ஆவது மதிப்பைப் படிக்கப்போய் சென்சார் கிராஷ் ஆனது. அந்த நிரல் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடுவதால் விண்டோஸும் கூடவே விழுந்தது. (முந்தைய நாள் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரில் வந்த தடங்கல் வேறு விஷயம், பலர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

நீங்களே சரிபார்க்கலாம்: அன்று சொல்லப்பட்ட தீர்வைப் பாருங்கள். அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் ஃபோல்டரில் 'சி-00000291' எனத் தொடங்கும் ஃபைலை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த விண்டோஸ் அப்டேட்டையும் நீக்கச் சொல்லவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மூலகாரண அறிக்கையிலும் இந்த 20, 21 கணக்கு இருக்கிறது.