கேற் சாவி யாரிடம்?

போன வருடம் மாசி மாதம். ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். கொழும்பில் வாடகைக்கு எடுத்த மைதானம் ஒன்றில் இல்ல விளையாட்டுப் போட்டி. அக்காவின் மகனுக்கு 15 வயது, 1500 மீற்றர் ஓடினான். கடைசிச் சுற்றில் கால் பின்னத் தொடங்கியது. முடிவுக் கோடு கண்ணுக்கு முன்னால் இருக்க, விழுந்துவிட்டான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "தம்பி, மாமா வந்திருக்கிறன்" என்றேன். என்னைப் பார்த்து "சேர், சேர்" என்று கூப்பிட்டு, கணக்குக் கொப்பி வீட்டிலே இருக்கு என்றான். அந்தக் குரல் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

பாடசாலை அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் காயங்களைக் கவனிக்கவும் வைத்திருந்த ட்ரெய்னர் தம்பி ஒருவர் பாய்ந்து வந்தார். பெனியனைக் கழற்றி, சோடாப் போத்தல்களுக்கு நடுவில் கிடந்த ஐஸை அள்ளி அள்ளிப் பிள்ளையின் மேல் கொட்டினார். யாரோ அம்புலன்ஸுக்கு அடித்தார்கள். வந்தது. ஆனால் பின் கேற்றுக்கு வந்தது. அது பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த காவலாளி சாப்பிடப் போயிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சைரன் கத்திக்கொண்டே இருந்தது, இந்தப் பக்கம் பிள்ளை கிடந்தான்.

கேற் திறந்த பிறகு அடுத்த பிரச்சினை. வந்தவர்கள் உடனே ஏற்றப் பார்த்தார்கள். ட்ரெய்னர், இன்னும் கொஞ்ச நேரம் குளிர வைக்க விடுங்கோ என்று மன்றாடினார். அவர் யார், என்ன படித்தவர் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குச் சிங்களம் தடுமாறியது. இடையில் நின்ற ரீச்சர் பதற்றத்தில், பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். வலிப்பு வரவே இல்லை. வெயில் தாக்கத்தில் விழுந்த பிள்ளை வேறொரு வருத்தத்தின் பெயரோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நாலு நாளில் சுகமாக வீட்டுக்கு வந்துவிட்டான். அக்கா கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து, போய்க் கும்பிட்டும் வந்தா. எந்தப் பாடசாலை, எந்த அம்புலன்ஸ் என்று எழுதமாட்டேன். அன்றைக்கு நின்ற ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த வேலையை உயிரைக் கொடுத்துத்தான் செய்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்தித்ததே விழுந்து கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் என்பதுதான் என் மனத்தை இன்றும் அறுக்கிறது.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வைத்தியர்களிடமும் கேட்டேன். உடற்பயிற்சியால் வரும் வெப்பத்தாக்கத்தில் உடம்பின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும், புத்தி தடுமாறும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடி விழுந்த பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். கக்கத்திலும் நெற்றியிலும் பிடிக்கிற வெப்பமானி இந்த நேரத்தில் ஏமாற்றிவிடும், மலவாசல் வழியாக அளப்பதைத்தான் நம்பலாம். விழுந்த 30 நிமிடத்துக்குள் உடம்பைக் குளிர்வித்துவிட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அதற்குச் சிறந்த வழி, கழுத்து வரை ஐஸ் தண்ணீருக்குள் வைப்பது. இதனால்தான் விளையாட்டு மருத்துவத்தில் "முதலில் குளிர்வி, பிறகு ஏற்று" என்று ஒரு விதி இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் காலி வீதியில் அந்த 30 நிமிடம் எப்படிப் போகும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொழும்பு வெயில் 31, 32 பாகைதானே, யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்க்காத வெயிலா என்று சொல்லும் ஆட்கள் உண்டு. இங்கே காற்றில் ஈரம் கூட. வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு ஆறாது.

அமெரிக்காவில் 'அத்லெட்டிக் ட்ரெய்னர்' என்றால் ஜிம்மில் பாரம் தூக்கப் பழக்குபவர் இல்லை. பட்டம் படித்து, பரீட்சை எழுதி வருகிற சுகாதாரத் தொழில் அது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990 இலேயே அதை அப்படி ஏற்றுக்கொண்டது. அங்கே என்.எப்.எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆட்டங்களில், தொடங்குவதற்கு 60 நிமிடத்துக்கு முன் இரண்டு அணிகளின் வைத்தியர்களும் ட்ரெய்னர்களும் அம்புலன்ஸ் குழுவும் ஓரிடத்தில் கூடுவார்கள். யார் எங்கே நிற்பது, எந்த வழியால் வெளியேறுவது, எந்த ஆஸ்பத்திரி என்று முகம் பார்த்துப் பேசி முடிப்பார்கள். 2023 ஜனவரி 2 ஆம் திகதி சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் டமார் ஹம்லின் என்ற வீரர் நெஞ்சில் அடிபட்டு இதயம் நின்று விழுந்தபோது, களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். அதே வருடம் அவர் திரும்பவும் விளையாட வந்தார். இதயம் நின்ற பிறகு நெஞ்சையும் அழுத்தாமல் விட்டால், அந்த மின்னதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

எங்களிடம் அந்தக் காசு இல்லை என்பீர்கள். உண்மை. ஆனால் எங்களிடம் 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கி, 2018 இல் வடக்குக்குப் போய், பிறகு நாடு முழுக்கப் பரவிய இலவச சேவை. எத்தனையோ வீடுகளில் அந்த இலக்கத்தை அடித்து உயிர் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்பது நியாயமில்லை, அந்த வண்டிக்காக வேறெங்கோ ஒருவர் காத்திருப்பார். நான் கேட்பது ஐந்து நிமிடக் கதை. போட்டிக்கு முன், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர், ட்ரெய்னர், முதலுதவிப் பிள்ளைகள், காவலாளி எல்லோரும் கேற்றடியில் கூடட்டும். எந்தக் கேற், சாவி யாரிடம், யார் போன் அடிப்பது, யார் றோட்டுக்கு ஓடிப்போய்க் கை காட்டுவது, வந்தவர்களிடம் யார் ஒருவர் மட்டும் சிங்களத்தில் விளக்கம் சொல்வது. இவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளில் பலர் சொந்த மைதானம் இல்லாத பாடசாலைகளில் படிக்கிறார்கள். வாடகை மைதானத்தில் வாசல் எங்கே என்று ஆசிரியருக்கே தெரியாமல் இருக்கும்போது அம்புலன்ஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

மொழி பற்றி ஒன்று. பிள்ளையின் பெயர், வயது, தொய்வு உண்டா, என்ன மருந்து, ஒவ்வாமை என்ன, எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு துண்டு ட்ரெய்னரின் பையில் இருக்கட்டும். விழுந்த நேரம், செய்த உதவி, அளந்த வெப்பம் மூன்றையும் அதிலேயே குறித்துக் கையில் கொடுத்துவிட்டால், யாரும் வாயால் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"முதலில் குளிர்வி" என்பதை மட்டும் மைதானத்தில் தீர்க்க முடியாது. அம்புலன்ஸில் வருபவர் தனக்குப் படிப்பித்த ஒழுங்கைத்தான் பின்பற்றுவார். முன்பின் தெரியாத ஓர் இளைஞன் சொன்னதற்காக அவர் அதை மாற்றினால் பழி அவர் தலையில் விழும். கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் இருந்து பேசி, பாடசாலை விளையாட்டுக்கென்று ஓர் எழுத்து ஒழுங்கை இரண்டு பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் கிழக்கில் பாடசாலை மரதன் ஓடிய ஒரு மாணவன் இறந்துபோனான். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

ஐஸ் தண்ணீர்த் தொட்டி வாங்கக் காசில்லை என்றால் ஒரு தறப்பாள் போதும். நாலு பேர் நாலு பக்கம் தூக்கிப் பிடித்து, பிள்ளையை நடுவில் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் ஊற்றி அசைத்தால் அதுவே தொட்டி. ஐஸ் வெள்ளவத்தை மீன்கடையில் கிடைக்கும். மின்னதிர்ச்சிக் கருவி விலை கூடியதுதான். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு வருட மலர் அச்சடிக்கும் செலவை அதற்குத் திருப்பினால் நான் கை எடுத்துக் கும்பிடுவேன்.

பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் நாள் காய்ச்சல் காய்ந்த பிள்ளையை, அணியில் இடம் போய்விடும் என்று மறைத்து அனுப்பாதீர்கள். விரதத்தோடு, நோன்போடு வரும் பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். அன்று காலை என் மருமகன் வெறும் வயிற்றோடுதான் வந்தான். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை என் மகளுக்கு 800 மீற்றர். வெள்ளி பின்னேரம் 4 மணிக்கு நான் மைதானத்துக்குப் போய், இரண்டு கேற்றையும் பார்த்து, காவலாளியோடு கதைக்கப் போகிறேன். ரீச்சரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாடசாலைப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால் நீங்களும் வாங்கோ. தறப்பாள் ஒன்று வீட்டில் இருந்தால் கொண்டு வாங்கோ.